சாப்பிடும்போது மனம் எங்கே இருக்கிறது?

இரவு பதினொரு மணி. பசி இல்லை, சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. மாலையில் யாரோ சொன்ன ஒரு சொல் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு பிஸ்கெட் என்றுதான் பாக்கெட்டைப் பிரித்தார் ஒருவர். கை போகிறது, வருகிறது. விரல் அடித்தாளில் பட்டுச் சரசரத்தபோதுதான் எல்லாம் தீர்ந்துவிட்டது தெரிகிறது. கடைசிப் பத்து பிஸ்கெட் எப்படி இருந்தன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. நாக்குக்கு அடிமை என்று வீட்டில் திட்டுகிறார்கள். ஆனால் அந்த நாக்கு ருசித்ததாகவே நினைவில்லை.

நடப்பதை நடக்கும்போதே கவனிக்கப் பழக்குவது கவனத் தியானம்; அதைச் சிகிச்சையாக்கும் ஆராய்ச்சி இந்தச் சின்ன முரண்பாட்டில்தான் தொடங்குகிறது. அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறவர் உணவில் மூழ்கிக் கிடப்பதாக வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பலமுறை அந்த நேரத்தில் அவர் அங்கே இருப்பதே இல்லை. 1991இல் ஹெதர்டன், பவ்மைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். தன்னைப் பற்றிய நினைப்பே தாங்க முடியாத சுமையாகும்போது மனம் தப்பியோட வழி தேடுகிறது; கவனத்தை வாய், கை, மெல்லுதல் என்ற குறுகிய வட்டத்துக்குள் சுருக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சற்று நேரம் மறைந்துவிடுகிறது என்றார்கள். சாப்பாடு அங்கே ஒரு போர்வை. போர்வை விலகியதும் பழைய வேதனை அப்படியே இருக்கிறது. கூடவே வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ‘சீர்குலைந்த உண்ணல்’ என்பது அகலமான சொல். கவலை வந்தால் தின்பது, கடுமையான உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அளவின்றித் தின்பதற்கும் இடையே ஊசலாடுவது, சாப்பாட்டைப் பற்றியே நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருப்பது எல்லாம் அதில் அடங்கும். அதற்குள்ளே மருத்துவர் பெயர் சூட்டிக் கண்டறியும் கோளாறுகள் சில இருக்கின்றன. அனோரெக்ஸியாவில் எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவு ஆபத்தான அளவுக்குச் சுருங்குகிறது. புலிமியாவில் அளவின்றி உண்பதும் அதை எப்படியாவது ஈடுகட்ட முயல்வதும் மாறி மாறி வருகின்றன. மூன்றாவது மிகையுண்ணல் கோளாறு: குறைந்த நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, பின்னர் கடும் மனவேதனை. இது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்திருக்க வேண்டும். ஸ்டங்கார்டு என்ற மருத்துவர் 1959லேயே இந்த மிகையுண்ணலை விவரித்துவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைத் தனிக் கோளாறாக ஏற்றது 2013இல்தான். அதுவரை ஏராளமானோர் தங்களுக்கு இருப்பது நோய் என்றே தெரியாமல், தமக்கு மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொண்டிருந்தார்கள்.

கவனத் தியானம் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த மூன்றாவது கோளாற்றைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மன உறுதி ஏன் போதவில்லை?

“வாயைக் கட்டு” என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. வாயைக் கட்டினால் என்ன நடக்கிறது என்று 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்பும் ஐஸ்கிரீம் கிண்ணங்களை வைத்து, ருசி பார்த்து மதிப்பெண் போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள் எதிர்பார்த்தபடியே நடந்தார்கள்: மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வாழ்கிறவர்களோ தலைகீழ். மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள்!

நம்முடைய பழமொழி இதை எப்போதோ சொல்லிவிட்டது: முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு? கட்டுப்பாடு ஒரு கோடு. கோட்டைத் தாண்டாத வரை கவலையில்லை. கால் ஒரு தடவை தாண்டிவிட்டால், இனி இன்று போனது போனதுதான், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் கையை விரித்துவிடுகிறது. மறுநாள் காலையில் இன்னும் கடுமையான கோடு. அது இன்னும் சீக்கிரம் உடைகிறது. மிகையுண்ணலில் சிக்கியவரிடம் மன உறுதி இல்லை என்பது அநியாயமான பேச்சு. அந்த உறுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான் பலர் இந்தச் சுழலுக்குள்ளேயே நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் கவனத் தியானம் வேறொரு வழியைக் காட்டுகிறது. உந்துதலோடு மல்லுக்கு நிற்காதே, அதற்கு உடனே பணிந்தும் போகாதே, முதலில் அதைப் பார் என்கிறது. கேட்பதற்கு இவ்வளவுதானா என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும்.

ஒரு உலர்திராட்சை

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரைச் சில இணையப் பக்கங்கள் ‘நினைவாற்றல்’ என்று தமிழாக்கி வைத்திருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கான மருந்தோ என்று குழம்ப வைக்கும் மொழிபெயர்ப்பு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பௌத்தர்களின் பாலி மொழியில் இதற்கான மூலச்சொல் ‘சதி’, வடமொழியின் ‘ஸ்மிருதி’க்கு உறவு, அதன் அடிப்படைப் பொருள் நினைவுதான்! இப்போது எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம் என்பதை மறவாமல் இருப்பது என்று கொண்டால் பொருந்திவிடுகிறது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே கவனத் தியானம் என்றே எழுதுகிறேன்.

ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதைச் சமயச் சடங்குகள் நீக்கி, சில வாரப் பயிற்சியாக மாற்றினார். நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக அமைந்த பயிற்சி அது. இந்தக் கணத்தில் நடப்பதை, வேண்டுமென்றே, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது; அவர் சொன்னதன் சாரம் இதுதான். உணவுக்கும் அவருடைய பயிற்சிக்கும் முதல் பாலம் ஓர் உலர்திராட்சை.

ஒரே ஒரு திராட்சையை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதுவரை இப்படி ஒரு பொருளைப் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்க்க வேண்டும். சுருக்கங்களின் மேட்டில் வெளிச்சம் விழுகிறது, பள்ளத்தில் இருட்டு. விரலால் உருட்டினால் லேசாக ஒட்டுகிறது. காதருகே வைத்து அழுத்தினால் மெல்லிய சத்தம் கூட வரும். மூக்கருகே கொண்டு போகும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது; நாம் உத்தரவு கொடுக்கவில்லை, உடல் தானாகவே தயாராகிவிட்டது. நாக்கில் வைக்கிறோம், கடிக்கவில்லை. கடித்துவிடத் துடிக்கும் அந்த அவசரத்தைக் கவனிக்கிறோம். பிறகு ஒரே ஒரு கடி. இனிப்பு ஒரு பக்கத்திலிருந்து பரவுகிறது. மெல்ல மெல்லச் சுவை மங்குகிறது. விழுங்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் எழுகிறது, தொண்டை பிறகுதான் அசைகிறது.

முதல்முறை நான் இதைச் செய்து பார்த்தபோது, எனக்கு உலர்திராட்சை அவ்வளவாகப் பிடிக்காது என்பதைக் கண்டுபிடித்தேன். அதுநாள்வரை கைப்பிடி கைப்பிடியாகத் தின்றுகொண்டிருந்தவன்!

விளையாட்டுப் போலத் தெரியும் இந்தப் பயிற்சியில் முக்கியமான ஒன்று ஒளிந்திருக்கிறது. எச்சில் ஊறுவதற்கும் கடிப்பதற்கும் நடுவே, கடிப்பதற்கும் விழுங்குவதற்கும் நடுவே இடைவெளிகள் இருக்கின்றன. பிஸ்கெட் பாக்கெட் தீர்ந்துபோன இரவில் அந்த இடைவெளிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சிகிச்சை தேடுவது அவற்றைத்தான்.

கிறிஸ்டெல்லரின் பதினெட்டுப் பெண்கள்

இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜீன் கிறிஸ்டெல்லர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர். 1999இல் அவரும் ஹாலெட் என்பவரும் வெளியிட்ட ஆய்வில் மிகையுண்ணல் கோளாறுள்ள 18 பெண்கள் இருந்தார்கள். ஆறு வாரங்களில் ஏழு அமர்வுகள். தொடக்கத்தில் வாரத்துக்கு நான்குக்குச் சற்று அதிகமாக இருந்த மிகையுண்ணல், முடிவில் ஏறக்குறைய ஒன்றரையாகக் குறைந்திருந்தது.

மனம் குளிரும் கணக்கு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. ஒரு குழுவில் சேர்ந்து, தன் கஷ்டத்தை முதல்முறையாக நாலு பேரிடம் சொன்னதே பாதி ஆறுதல் தந்திருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த பெரிய ஆய்வு வந்தது. கிறிஸ்டெல்லர், வோலெவர், ஷீட்ஸ் மூவரும் 2014இல் வெளியிட்டது அது. 150 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கவனத் தியானம் சார்ந்த உண்ணல் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு உணவு பற்றிய கல்வியும் பழக்கங்களை மாற்றும் வழக்கமான ஆலோசனையும். மூன்றாவது குழு காத்திருப்போர் பட்டியலில். பங்கேற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மிகையுண்ணல் கோளாறு முழு அளவில் இருந்தது.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் முடிவின் பொருள் விளங்கும். உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் தியானம் உண்டு. சாப்பாட்டுக்கு முன் ஓரிரு நிமிடச் சிறு தியானமும் உண்டு. ஆனால் நடுவில் இருப்பது மூன்று உடற்சேதிகளைப் பிரித்தறிவது: வயிற்றின் பசி, வயிற்றின் நிறைவு, நாக்கின் நிறைவு. பசிக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். இப்போது இருப்பது பசியா, கோபமா, சலிப்பா? மூன்றாவது சேதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த உணவானாலும் முதல் சில கவளங்களில் இருக்கும் ருசி பிறகு குறைந்துகொண்டே போகிறது. கவனித்துச் சாப்பிட்டால், “இதற்கு மேல் இது ருசிக்கவில்லை” என்ற இடம் தானாகவே புலப்படும். எனவே வாரம் செல்லச் செல்லப் பயிற்சியின் உணவும் மாறுகிறது: திராட்சையில் தொடங்கி, பாலாடைக்கட்டியும் பிஸ்கெட்டும், பிறகு சாக்லேட் பண்டம், கடைசியில் பலவகை உணவுகள் பரப்பிய விருந்து. எதைக் கண்டு ஓடினார்களோ அதையே மேசைமேல் வைத்து, தடையில்லாமல் சாப்பிடப் பழக்குகிறார்கள். விலக்கப்பட்ட உணவு என்று ஒன்று இல்லாதபோது, தாண்டுவதற்குக் கோடும் இல்லை.

முடிவு: பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்து, கவனத் தியானக் குழுவில் கோளாறு இருந்தவர்களில் 95 சதவீதத்தினர் அந்தக் கோளாற்றின் வரையறைக்குள் வரவில்லை. வழக்கமான ஆலோசனைக் குழுவில் 76 சதவீதம். இதை மட்டும் படித்துவிட்டுக் கைதட்ட வேண்டாம். மாதத்தில் எத்தனை நாள் மிகையுண்ணல் நடந்தது, மனச்சோர்வு எவ்வளவு என்று அளந்தபோது இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முன்னேறியிருந்தன. இரண்டுமே காத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தன. அதோடு, முறையை உருவாக்கியவர்களே அதைச் சோதிக்கவும் செய்தார்கள். அது குற்றமல்ல, ஆனாலும் சமையல்காரரே தன் சமையலுக்கு மதிப்பெண் போட்டால் நாம் கொஞ்சம் யோசிப்போம் அல்லவா.

வீட்டில் அதிகம் தியானம் செய்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இதைப் பலர் முத்தாய்ப்பான ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தியானம் செய்ததால் முன்னேறினார்களா, முன்னேறியதால் தியானத்தைத் தொடரும் உற்சாகம் வந்ததா என்பதை அந்தத் தொடர்பு மட்டும் சொல்லாது.

தியானம் ஓர் உறுப்பாக

வேறு ஒரு பாதையிலும் இது நுழைந்திருக்கிறது. மார்ஷா லினெஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை முதலில் தற்கொலை எண்ணமும் கட்டுக்கடங்காத உணர்ச்சிகளும் கொண்டவர்களுக்கானது. அதில் கவனப் பயிற்சி ஓர் அங்கம். உணர்ச்சிகளைக் கையாள்வது, துயரத்தைத் தாங்குவது போன்றவை மற்றவை. இதை மிகையுண்ணலுக்குப் பொருத்தி 2001இல் டெல்ச், அக்ராஸ், லினெஹன் மூவரும் 44 பெண்களிடம் சோதித்தார்கள். சிகிச்சை முடிவில் முடித்தவர்களில் 89 சதவீதத்தினர் மிகையுண்ணலை நிறுத்தியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அது 56 சதவீதமாக இறங்கியது.

2010இல் ஸேஃபரும் குழுவினரும் 101 பேரிடம் செய்த சோதனை இன்னும் நேர்மையானது. காத்திருக்க வைக்காமல், ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஆதரவாகப் பேசும் ஒரு குழுச் சிகிச்சையைக் கொடுத்தார்கள். முடிவில் மிகையுண்ணலை நிறுத்தியவர்கள் புதிய முறையில் 64 சதவீதம், ஆதரவுக் குழுவில் 36 சதவீதம், பெரிய வெற்றி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 64க்கு 56. இடைவெளி ஏறத்தாழ மூடிவிட்டது. அக்கறையோடு காது கொடுத்துக் கேட்பதும் ஒரு சிகிச்சைதான், அது சற்றுத் தாமதமாக வேலை செய்கிறது போலும். ஆனால் ஒன்று: இடையில் நின்றவர்கள் புதிய முறையில் 4 சதவீதம்தான், ஆதரவுக் குழுவில் மூவரில் ஒருவர் நின்றுவிட்டார்.

உந்துதல் அலையைக் கடப்பது

போதைப் பழக்கத்தை ஆராய்ந்த ஆலன் மார்லட் இந்தத் துறைக்குத் தந்த உருவகம் அலைச்சறுக்கு. உந்துதல் ஓர் அலை. எழுகிறது, உச்சிக்கு வருகிறது, சரிகிறது. எதிர்த்து நின்றால் கவிழ்த்துவிடும். அதன் மேலேயே நின்றால் கரைக்குக் கொண்டுபோய் விடும். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று காத்திருப்பவரைப் பழமொழி கேலி செய்கிறது. அது கடலுக்குச் சரி. கடல் ஒருபோதும் ஓயாது. ஆனால் தனி ஒரு அலை எப்போதும் ஓய்ந்துவிடுகிறது. இதைத்தான் பயில வேண்டும்.

நடைமுறையில் இப்படி இருக்கும். சாப்பிட வேண்டும் என்ற வெறி எழும்போது, அது உடலில் எங்கே இருக்கிறது என்று தேடுவது. பலருக்கு அது வயிற்றில் இருப்பதில்லை என்பதே முதல் வியப்பு. தாடை இறுகியிருக்கிறது. நெஞ்சில் ஒரு படபடப்பு. கைகள் சும்மா இருக்க மறுக்கின்றன. அதை விரட்டாமல், மூச்சோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பது. கூடுகிறதா, நகர்கிறதா, குறைகிறதா? சில நிமிடம் பார்த்த பிறகும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் சாப்பிடலாம்; உட்கார்ந்து, தட்டில் போட்டு, ருசித்து. அதுவும் தோல்வியல்ல. இந்த அனுமதிதான் முழுக்க நனைந்த மனநிலையை உடைக்கிறது.

எடை பற்றிய பொய்

மொத்தமாகத் திரட்டிப் பார்த்த மதிப்பாய்வுகளும் வந்துவிட்டன. 2014இல் காட்டர்மனும் குழுவினரும் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2015இல் காட்ஃப்ரேயும் உடனிருந்தோரும் மிகையுண்ணல் பற்றிய 19 ஆய்வுகளைக் கணக்கிட்டார்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன: மிகையுண்ணல் குறைகிறது, உணர்ச்சிக்காகச் சாப்பிடுவதும் குறைகிறது. எடை விஷயத்தில் சான்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் உடற்பருமனுள்ள 194 பேருக்கு உணவு, உடற்பயிற்சித் திட்டம் தரப்பட்டது; பாதிப் பேருக்கு அதோடு கவனத் தியானமும் சேர்த்தார்கள். 18 மாத முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே எடை வித்தியாசம் 2 கிலோவுக்கும் குறைவு. புள்ளியியல் கணக்கில் அது பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

“கவனித்துச் சாப்பிடுங்கள், மெலிந்துவிடுங்கள்” என்று விற்கப்படும் வகுப்புகளும் செயலிகளும் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். ஆதாரம் இல்லை என்பது ஒரு குறை. எடையை இலக்காக வைத்தவுடன் தீர்ப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது அதைவிடப் பெரிய குறை. மெதுவாகச் சாப்பிடுவதே இன்னொரு கோடாகிவிடும். ஒருநாள் வேகமாகச் சாப்பிட்டால் மறுபடி நனைந்த கதை.

யாருக்கு இது பொருந்தாது?

முன்பே நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அனோரெக்ஸியாவுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. பட்டினியால் உடல் மெலிந்தவரிடம் “உன் பசியைக் கேள், நிறைவைக் கேள்” என்று சொல்வது ஆபத்தாக முடியலாம். பட்டினியிலேயே இருந்த உடலில் அந்தச் சேதிகள் குழம்பிப் போயிருக்கும். இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்று அது உண்மையாகவே சொல்லும். அங்கே முதல் வேலை, மருத்துவர் கண்காணிப்பில், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் திட்டப்படி உணவு உள்ளே போவது. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

தன் உடலையே வெறுக்கும் ஒருவரைக் கண்மூடி உட்கார வைத்து, வயிற்றைக் கவனி, தொடையைக் கவனி என்றால் அமைதி வராது, பதற்றம்தான் வரும். பழைய வன்முறையின் தழும்புகளைச் சுமப்பவர்களுக்கும் அப்படியே. அனுபவமுள்ள பயிற்றுநர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார், பாதம் தரையில் படுவதைக் கவனிப்பதிலிருந்து தொடங்குவார், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவார்.

எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, மிகையுண்ணல் கோளாறுக்கு முதல் படியாகச் சொல்வது தியானத்தை அல்ல. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை ஒட்டிய, ஒருவர் துணையோடு தானே படித்துச் செய்யும் பயிற்சித் திட்டம். அது போதவில்லை என்றால் குழுவாகவோ தனியாகவோ அதே சிகிச்சை. எடை குறைப்பது இந்தச் சிகிச்சையின் இலக்கல்ல என்பதை நோயாளியிடம் விளக்கிவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. கவனத் தியானம் இதோடு சேர்ந்து வரலாம். பல மனநல ஆலோசகர்கள் ஏற்கெனவே அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களிடம் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி, “தியானம் சொல்லித் தருவீர்களா?” என்பதல்ல. “உண்ணல் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்திருக்கிறீர்களா?” என்பது.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, அடிக்கடி வாந்தி, வேகமாக எடை குறைவது, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் வகுப்பில் சேரக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், திராட்சை காத்திருக்கும்.